முழு மனிதனைப் பார்க்கும் வைத்தியம்: எது பலம், எது பலவீனம்?

"டாக்டர், இங்கிலீஷ் மருந்து நோயை அமுக்கத்தான் செய்யும். நம்ம மருந்துதான் வேரோட பிடுங்கும். அப்படித்தானே?"

சித்த மருத்துவரைத் தேடி வருபவர்களில் பாதிப் பேர் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். மீதிப் பேர் கேட்பது இதற்கு நேர் எதிர்: "இதெல்லாம் சயின்ஸ் ஒத்துக்கலைன்னு என் பையன் சொல்றான். நம்பலாமா சார்?"

இரண்டு கேள்விக்கும் நடுவில் இருப்பது ஒரே விஷயம்தான். 'ஹோலிஸ்டிக் ஹெல்த்' என்கிறார்களே, அந்த 'முழுமை நலம்' என்ற கருத்து. விளம்பரத்தில், சொற்பொழிவில், மருந்துக்கடைப் பாட்டிலில் எல்லாம் இந்த வார்த்தை வந்துவிட்டது. அதன் பொருள் என்ன? அதில் எவ்வளவு உண்மை? எதிர்ப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்? இதைத் தெரிந்துகொள்வது பொழுதுபோக்குக்காக அல்ல. சர்க்கரை மாத்திரையை நிறுத்தலாமா, மார்பில் தென்பட்ட கட்டிக்கு 'இயற்கை முறையில்' மூன்று மாதம் பார்க்கலாமா என்று பல வீடுகளில் முடிவெடுப்பதே இந்த வார்த்தையை நம்பித்தான். அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

சொல் பிறந்த கதை

'ஹோலிஸம்' என்ற சொல்லை உண்டாக்கியவர் வைத்தியர் அல்ல, ஓர் அரசியல் தலைவர்! தென்னாப்பிரிக்காவில் காந்திஜி எதிர்த்துப் போராடினாரே, அதே ஜெனரல் ஸ்மட்ஸ்தான். பின்னாளில் அந்நாட்டின் பிரதமராக இருந்த அவர், 1926-ல் வெளியிட்ட நூலில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். 'முழுமை' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தது. பகுதிகளைக் கூட்டினால் கிடைப்பதைவிட முழுமை பெரிது என்பது அவர் வாதம். அவர் பேசியது இயற்கையைப் பற்றியும் பரிணாமத்தைப் பற்றியும். வைத்தியத்துக்கு அந்தச் சொல் பிறகுதான் வந்தது.

1948-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம், ஆரோக்கியம் என்பது நோய் இல்லாத நிலை மட்டுமல்ல. உடல், மனம், சமூக வாழ்வு மூன்றிலும் முழு நலம் என்று வரையறுத்தது. 1977-ல் ஜார்ஜ் எங்கல் என்ற அமெரிக்க மருத்துவர், நோயைப் புரிந்துகொள்ள உடற்கூறு மட்டும் போதாது. மனத்தையும் சமூகச் சூழலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு முக்கியமான கட்டுரை எழுதினார். அதே காலகட்டத்தில் அமெரிக்காவில், ஸ்பெஷலிஸ்ட்டுகள் ஆளை விட்டுவிட்டு உறுப்பை மட்டும் பார்க்கிறார்கள் என்ற சலிப்பு மக்களிடம் பெருகியது. அந்தச் சலிப்பில் வளர்ந்ததுதான் ஹோலிஸ்டிக் ஹெல்த் இயக்கம்.

நான்கு தூண்கள்

இந்தக் கருத்தின் சாரத்தை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது, உறுப்பை அல்ல, ஆளைப் பார். இரண்டு பேருக்குச் சர்க்கரை 250 இருக்கிறது என்று வையுங்கள். ஒருவருக்கு அது இரவு பதினோரு மணிக்குச் சாப்பிடும் பரோட்டா. இன்னொருவருக்கு மகள் கல்யாணக் கடனும் தூக்கமில்லாத நைட் ஷிஃப்டும். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் இரண்டும் ஒரே எண்தான். ஆனால் வைத்தியம் ஒன்றாக இருக்க முடியுமா?

இரண்டாவது, உடம்புக்குத் தன்னைச் சீர்செய்துகொள்ளும் சக்தி உண்டு. அதற்குத் துணை நில்.

மூன்றாவது, ஆளுக்கு ஆள் உடல்வாகு மாறும், மருந்தும் மாறும்.

நான்காவது, நோயாளி சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது. உணவு, உறக்கம், நடை, மனநிலை எல்லாவற்றிலும் அவருக்குப் பங்கு உண்டு.

நம் சித்த மருத்துவத்துக்கு இவை புதுசு இல்லை. வளி, அழல், ஐயம் என்ற மூன்றின் சமநிலையே ஆரோக்கியம் என்பது அடிப்படைப் பாடம். நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்ற எண்வகைத் தேர்வில் நோயாளியின் குரல்கூட ஒரு பரிசோதனை! வயது, பருவம், வாழும் நிலம் எல்லாம் கணக்கில் வரும். திருக்குறளின் 95-ஆவது அதிகாரமான 'மருந்து', நோயாளி, வைத்தியன், மருந்து, பக்கத்திலிருந்து கவனிப்பவர் என்று நான்கு பேரையும் சேர்த்துத்தான் வைத்தியம் என்கிறது. ஆக, கொள்கையில் குறை சொல்ல அதிகம் இல்லை.

அப்படியானால் எதிர்ப்பு எதற்கு?

எதிர்ப்பாளர்கள் கேட்கும் ஆறு கேள்விகள்

1. தோற்கவே முடியாத வைத்தியமா?

நோய் குணமானால் "மருந்து வேலை செஞ்சது." குணமாகாவிட்டால் "பத்தியம் முறிஞ்சிருக்கும்." நோய் அதிகமானால் "உள்ளே இருந்த கழிவு வெளியே வருது, நல்லதுதான்." இப்படி எது நடந்தாலும் ஒரு விளக்கம் தயாராக இருந்தால், அந்த வைத்தியம் தவறு என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது?

எதிர்ப்பாளர்களின் மிகக் கூர்மையான கேள்வி இதுதான். என்ன பதில் சொல்வார்கள்? "எங்களுடையது ஆளுக்கு ஆள் மாறும் வைத்தியம். அதை ஆயிரம் பேருக்கு ஒரே மாத்திரை கொடுத்துச் சோதிக்க முடியாது" என்பார்கள். இது பாதிதான் சரி. நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டு பிரிவாகப் பிரியுங்கள். ஒரு பிரிவை அனுபவமுள்ள சித்த மருத்துவரிடம் அனுப்புங்கள். அவர் தம் முறைப்படி ஆளுக்கு ஒரு மருந்து தரட்டும். இன்னொரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. ஆறு மாதம் கழித்து யார் நன்றாக இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். முடிந்தது! எண்ணுவதற்குப் பயப்படுகிற வைத்தியம் வளராது.

2. தானாகச் சரியானதா, மருந்தால் சரியானதா?

சளி ஒரு வாரம், பத்து நாளில் தானே போகும். மூட்டுவலி ஏறி இறங்கும் நோய். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் வைத்தியரிடம் போகிறோம், அதனால் அடுத்த கட்டம் பெரும்பாலும் இறக்கம்தான். அதோடு 'இந்த டாக்டரிடம் போனால் சரியாகும்' என்ற நம்பிக்கையே வலியைக் கொஞ்சம் குறைக்கும். இந்த மூன்றையும் கழித்துவிட்டுப் பார்த்தால்தான் மருந்தின் நிஜமான வேலை தெரியும்.

இதற்காகத்தான் சீட்டுக் குலுக்கல் முறையிலான ஆய்வு வந்தது. 1948-ல் பிரிட்டனில் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தை இப்படிச் சோதித்து வெளியிட்டது ஒரு திருப்புமுனை. 'எங்க தாத்தா காலத்திலிருந்து கொடுக்கிறோம்' என்பது ஆய்வைத் தொடங்க நல்ல காரணம். ஆனால் அதுவே முடிவு ஆகிவிடாது.

3. மனசின் மேல் பழி போடலாமா?

மனசுக்கும் உடம்புக்கும் தொடர்பு உண்டு என்பது உண்மை. அதை எல்லாவற்றுக்கும் இழுக்கும்போதுதான் ஆபத்து. வயிற்றுப் புண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கவலையாலும் காரத்தாலும் வருவது என்றே பல தலைமுறை டாக்டர்கள் நம்பினார்கள். 1982-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பேரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இருவர், 'ஹெலிகோபாக்டர் பைலோரி' என்ற கிருமியைக் கண்டார்கள். பெரும்பாலான வயிற்றுப் புண்ணுக்கு அதுதான் காரணம் என்றார்கள். யாரும் நம்பவில்லை. மார்ஷல் என்ன செய்தார் தெரியுமா? 1984-ல் அந்தக் கிருமியைக் கலக்கிக் குடித்துவிட்டார்! இரைப்பை அழற்சி வந்தது. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அத்தனை காலமும் "கவலைப்படாதே, வயிறு சரியாகும்" என்று அறிவுரை கேட்டு வலியோடு திரும்பியவர்களை நினைத்துப் பாருங்கள்.

புற்றுநோயில் இது இன்னும் கொடுமை. அமெரிக்க எழுத்தாளர் சூசன் சான்டாக் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர். உணர்ச்சிகளை அடக்கி வைப்பவர்களுக்குத்தான் புற்றுநோய் வருகிறது என்ற பேச்சைக் கண்டித்து 1978-ல் ஒரு நூலே எழுதினார். ஏற்கெனவே நோயால் துடிப்பவரிடம் "நீ மனசுல எதையோ வச்சுக்கிட்டே இருந்திருக்கே" என்றால், அது வைத்தியமா, தண்டனையா?

4. இயற்கை என்றால் பாதுகாப்பா?

பெல்ஜியத்தில் 1990-களின் தொடக்கத்தில், உடல் இளைக்கும் சிகிச்சைக்காக ஒரு கிளினிக்கில் சீன மூலிகை கலந்த மருந்தைச் சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. சுமார் நூறு பேர் பாதிக்கப்பட்டார்கள். ஒரு மூலிகைக்குப் பதிலாக 'அரிஸ்டோலோகியா' இனத்து மூலிகை கலந்துவிட்டதுதான் காரணம். அதிலுள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். நம் ஊர் ஈஸ்வரமூலியும் ஆடுதீண்டாப்பாளையும் அதே இனம்தான்! ஆகவே பக்கத்து வீட்டு மாமி சொன்னார் என்று இவற்றை அரைத்துக் குடிக்கவே கூடாது.

உலோக மருந்துகள் விஷயமும் உண்டு. 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14-ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன. "முறைப்படி சுத்தி செய்து புடம் போட்டால் நஞ்சு போய்விடும்" என்பது நம் பாரம்பரியத்தின் பதில். இருக்கலாம். ஆனால் உங்கள் கையிலிருக்கும் பாட்டிலில் அந்த முறை பின்பற்றப்பட்டதா என்பதைப் பரிசோதனைச் சாலைதான் சொல்ல முடியும். லேபிள் சொல்லாது. பற்பம், செந்தூரம் என்றால் பதிவு பெற்ற சித்த மருத்துவர் சொல்லாமல், உரிம எண் இல்லாமல் தொடாதீர்கள்.

5. காத்திருந்த காலத்துக்கு யார் பொறுப்பு?

அமெரிக்காவில் 2018-ல் வெளியான ஓர் ஆய்வு இது. வேறு உறுப்புகளுக்குப் பரவாத நிலையிலிருந்த மார்பகம், புராஸ்டேட், நுரையீரல், பெருங்குடல் புற்றுநோயாளிகளில், மாற்று மருத்துவம் மட்டும் எடுத்துக்கொண்ட 281 பேரையும் வழக்கமான சிகிச்சை பெற்ற 560 பேரையும் ஒப்பிட்டார்கள். முதல் பிரிவினருக்கு மரண ஆபத்து இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் மட்டும் பார்த்தால் ஐந்து மடங்குக்கும் மேல்.

மூலிகையின் நச்சு கொன்றது என்று இதற்குப் பொருள் இல்லை. குணப்படுத்தக்கூடிய சிகிச்சை கையெட்டும் தூரத்தில் இருக்க, அதை விட்டதுதான் கொன்றது. 'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்று சும்மாவா சொன்னார்கள்? கைவைத்தியத்துக்கு ஒரு கெடு வேண்டும்.

6. எல்லாப் பாரமும் தனி மனிதன் தலையிலா?

"உங்கள் ஆரோக்கியம் உங்கள் கையில்" என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பஞ்சாலைத் தூசியில் வருஷக்கணக்காக நின்று நெஞ்சு இறுகிப்போன தொழிலாளியிடம் "பிராணாயாமம் செய்யுங்க" என்றால் போதுமா? தூசியை யார் குறைப்பது? ராபர்ட் கிராஃபோர்டு என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980-லேயே இதை எழுதினார். ஆரோக்கியம் தனி மனிதக் கடமை என்று அளவுக்கு மீறிச் சொன்னால், சமூகக் காரணங்கள் மறைந்துபோகும் என்றார். முழுமை என்று பேசிவிட்டு, வீதியையும் தொழிற்சாலையையும் விட்டுவிட்டால் அது முழுமை இல்லையே!

எதிர்ப்பாளர்கள் எங்கே தவறுகிறார்கள்?

ஆறு கேள்வியும் நியாயமானவை. அதற்காக எல்லாவற்றையும் தூக்கிக் குப்பையில் போட வேண்டுமா? கூடாது. ஏனென்றால் முழுமை நலக் கருத்தின் சில பகுதிகள் சோதனைக்கு உட்பட்டு, ஜெயித்தும் இருக்கின்றன.

1990-ல் டீன் ஆர்னிஷ் என்ற அமெரிக்க மருத்துவர் ஓர் ஆய்வை வெளியிட்டார். இதய ரத்தக்குழாய் அடைப்பு உள்ள 28 பேருக்குக் கொழுப்பு மிகக் குறைந்த சைவ உணவு, உடற்பயிற்சி, மன அழுத்தம் குறைக்கும் பயிற்சி, புகை நிறுத்தம், குழுவாகப் பேசிப் பகிர்தல் எல்லாம் சேர்த்துக் கொடுத்தார். 20 பேருக்கு வழக்கமான கவனிப்பு. ஒரு வருடத்தில் முதல் பிரிவின் சராசரி அடைப்பு 40 சதவீதத்திலிருந்து 37.8-ஆகக் குறைந்தது. மற்றவர்களுக்கு 42.7-லிருந்து 46.1-ஆகக் கூடியது. ஆய்வு சின்னது, எந்த அம்சம் வேலை செய்தது என்று பிரித்துச் சொல்லவும் முடியாது. ஆனால் திசை தெரிகிறது.

இன்னும் பெரிய சாட்சி சர்க்கரை நோயில் உண்டு. நோய் வரும் நிலையில் இருந்த 3,234 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2002-ல் வெளியானது. உணவு, உடற்பயிற்சி மாற்றத்தால் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரையால் குறைந்தது 31 சதவீதம்தான்! நம் சென்னையிலேயே டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரிடம் நடத்திய ஆய்வு 2006-ல் வெளிவந்தது. அதில் வாழ்க்கைமுறை மாற்றத்தால் 28.5 சதவீதம், மாத்திரையால் 26.4 சதவீதம் குறைந்தது. மாத்திரைக்குச் சமமாக நடையும் உணவும் நின்றன.

ஒன்றைக் கவனியுங்கள். இது நோய் வராமல் தடுத்த கதை. வந்துவிட்ட நோய்க்கு மாத்திரையை நிறுத்தச் சொன்ன கதை அல்ல. இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதில்தான் பல வீடுகளில் விபரீதம் ஆரம்பிக்கிறது.

"நல்ல அலோபதி டாக்டரும் ஆளைப் பார்த்துத்தானே வைத்தியம் செய்கிறார்? இதில் உங்களுக்கு என்ன தனி உரிமை?" என்றும் கேட்கிறார்கள். 1993-ல் இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் மாற்று மருத்துவங்களை ஆராயும் பேராசிரியராகப் பொறுப்பேற்ற எட்ஸார்ட் எர்ன்ஸ்ட், நல்ல மருத்துவம் எதுவுமே முழு மனிதனைப் பார்ப்பதுதான் என்கிறார். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காலையில் டோக்கன் வாங்கி மதியம் வரை காத்திருந்து, இரண்டே நிமிடத்தில் சீட்டோடு வெளியே வந்தவருக்கு அந்த நல்ல மருத்துவம் கிடைத்ததா? அந்தக் குறை இருக்கும்வரை முழுமை நலம் பேசுபவர்களின் குரலுக்கும் நியாயம் இருக்கும். அந்தக் குறையைக் காட்டி, சோதிக்காத மருந்தை விற்பதற்கு மட்டும் நியாயம் கிடையாது.

வீட்டில் என்ன செய்யலாம்?

எந்த முறை வைத்தியரிடம் போனாலும் இந்த நான்கு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்:

- எனக்கு வந்திருக்கும் நோயின் பெயர் என்ன? அதை எதை வைத்து முடிவு செய்தீர்கள்?
- இந்த மருந்தால் என்ன மாற்றம் தெரியும்? எத்தனை நாளில்?
- அந்த நாளுக்குள் தெரியாவிட்டால் அடுத்து என்ன?
- நான் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளோடு இது ஒத்துப்போகுமா?

மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லாதவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். "எல்லா நோய்க்கும் ஒரே மருந்து", "சர்க்கரையை வேரோடு அழிப்போம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். சர்க்கரை நோய், புற்றுநோய் போன்றவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது.

இரண்டு வைத்தியம் சேர்த்துப் பார்ப்பவர்கள் இரண்டு டாக்டரிடமும் உள்ளதைச் சொல்லுங்கள். சர்க்கரை மாத்திரையோடு சிறுகுறிஞ்சானும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம். இருமலுக்கு நல்லதுதானே என்று அதிமதுரத்தை நீண்ட நாள் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும். உடம்பில் பொட்டாசியம் குறையும். "நாட்டு மருந்துதானே, எதுக்குச் சொல்லணும்?" என்ற அலட்சியம் வேண்டாம். எல்லாப் பாட்டிலையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

கீழ்க்கண்டவற்றுக்குக் கஷாயமும் வேண்டாம், காத்திருப்பும் வேண்டாம். நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்: நெஞ்சை அழுத்தும் வலி, ஒரு பக்கம் கை கால் விழுதல், வாய் கோணுதல், மூச்சுத்திணறல், வலிப்பு, பாம்புக்கடி, காய்ச்சலோடு தொடர் வாந்தி அல்லது கடும் வயிற்றுவலி அல்லது ரத்தக்கசிவு. மார்பிலோ வேறு எங்கோ புதிதாகக் கட்டி தெரிந்தாலும், மலத்தில் ரத்தம் போனாலும், காரணமில்லாமல் எடை குறைந்தாலும் முதலில் பரிசோதனை, அப்புறம்தான் மற்றது. குழந்தைப் பருவத்திலேயே வரும் சர்க்கரை நோய்க்கு இன்சுலின்தான் உயிர். அதை ஒரு நாள்கூட நிறுத்தச் சொல்ல எந்த வைத்தியருக்கும் உரிமை இல்லை.

மனதில் வையுங்கள்

உணவு, உறக்கம், நடை, மன அமைதி: இவை எந்தச் சிகிச்சைக்கும் துணை, தேவையான சிகிச்சைக்கு மாற்று அல்ல.

நோய்க்கு உங்களைக் குற்றவாளியாக்குபவரை நம்பாதீர்கள்.

மூலிகையும் மருந்துதான். அளவு, கலப்பு, கெடு மூன்றும் அதற்கும் உண்டு.

ரத்த அழுத்தம், சர்க்கரை, வலிப்பு மாத்திரைகளைக் கொடுத்த டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். நடையும் உணவும் பலன் தந்து அளவுகள் இறங்கினால், அவரே மாத்திரையைக் குறைப்பார். அதுவரை இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும்.